அக்கரைச் சொர்க்கத்துக்கு ஒரு டிக்கெட்!

'பாண்டிச்சேரி போறேன்' என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். பக்கத்து சீட்காரர் கண்ணடிப்பார். எதிர் சீட்காரர் 'ஜமாய் ராஜா' என்பார். மேனேஜர் மட்டும் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல், 'திங்கட்கிழமை வந்துடுவீங்கல்ல?' என்று கேட்பார். 'கடல் பார்க்கப் போறேன் சார்' என்று நீங்கள் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாலும் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அந்த ஊருக்கு அப்படி ஒரு ராசி.

2006-ல் பெயரைப் புதுச்சேரி என்று மாற்றினார்கள். ராசி மட்டும் மாறவில்லை.

சரி, நீங்கள் நிஜமாகவே கடல் பார்க்கத்தான் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

முதல் தடவை போகிறவர்களுக்கு பீச் ரோட்டில் ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருக்கும். காந்தி சிலை இருக்கும், செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல் தூண்கள் சுற்றிலும் நிற்க. பழைய கலங்கரை விளக்கம் இருக்கும். கடலும் இருக்கும், கைக்கெட்டும் தூரத்தில். சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிட்டு மொத்த ரோட்டையும் நடப்பவர்களுக்கே விட்டுவிடுவார்கள். எல்லாம் சரி, மணல் எங்கே? மெரினாவில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அரை பர்லாங் நடந்து பழகிய கால்களுக்கு இங்கே கிடைப்பது பெரும்பாலும் கருங்கல். அலை வருகிறது, கல்லில் மோதுகிறது, திரும்பிப் போகிறது. சிலையை ஒட்டி மட்டும் கொஞ்சம் மணல். அதுவும் சமீபத்தில் வந்த மணல். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

காலுக்கு மணலும் காதுக்கு அமைதியும் வேண்டும் என்றால் ஊருக்குத் தெற்கே எட்டு கிலோமீட்டர் போக வேண்டும். அங்கே ஓர் ஆறு. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மணல் திட்டு. அதற்குப் பெயர் பாரடைஸ் பீச். சொர்க்கம் என்றால் சும்மாவா? நடுவில் ஒரு நதியைக் கடந்துதான் போக வேண்டும். நம் புராணத்தில் வைதரணி. இங்கே சுண்ணாம்பாறு. வித்தியாசம், இங்கே ரிட்டர்ன் டிக்கெட் உண்டு.

போவது எப்படி?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பாண்டிக்குச் சுமார் 150 கிலோமீட்டர். பஸ்ஸில் மூன்றரை முதல் நாலு மணி நேரம். வெளியூர்க்காரர்கள் விழுப்புரம் வந்து சேர்ந்தால் அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். ரயிலும் உண்டு. 1879-லேயே விழுப்புரத்திலிருந்து பாண்டிக்குத் தண்டவாளம் போட்டுவிட்டார்கள்.

பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கடலூர் போகும் டவுன் பஸ்ஸைத் தேடுங்கள். ஏறும்போதே கண்டக்டரிடம், 'நோணாங்குப்பம் போட் ஹவுஸ் நிக்குமா?' என்று கேட்டுவிடுவது உத்தமம். எக்ஸ்பிரஸ் வண்டியில் ஏறிவிட்டால் கடலூரில் இறங்கி வெள்ளரிப் பிஞ்சு தின்றுகொண்டு திரும்ப வேண்டியதுதான். டெம்போக்களும் உண்டு. ஐந்து பேர் உட்காரும் இடத்தில் ஒன்பது பேரை உட்கார வைக்கும் கணித மேதைகள் அவற்றை ஓட்டுகிறார்கள். வாடகைக்கு ஸ்கூட்டர் எடுப்பவர்கள் ஹெல்மெட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். தலை உங்களுடையது.

முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம் தாண்டினால் அரியாங்குப்பம் பாலம் வரும். பாலத்தில் பஸ் ஏறும்போது இடது பக்கம் பாருங்கள். இந்த ஆற்றங்கரையில்தான் கொஞ்ச தூரத்தில் அரிக்கமேடு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியோடு வியாபாரம் செய்த துறைமுகம். 1945-ல் மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேயர் தோண்டிப் பார்த்தபோது ரோமானியப் பானை ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. அவற்றில் பல, ஒயின் ஏற்றி வந்த இரண்டு கைப்பிடி ஜாடிகளின் ஓடுகள்! ஆக, சரக்கு விஷயத்தில் பாண்டியின் பெயர் இரண்டாயிரம் வருஷத்துப் பெயர். ஒரே வித்தியாசம், அப்போது வெளியிலிருந்து பாண்டிக்கு வந்தது.

அரியாங்குப்பம் கடந்து அடுத்தது நோணாங்குப்பம். புதுச்சேரி அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் படகுக் குழாம் ரோட்டோரத்திலேயே இருக்கிறது. கட்டணம் அவ்வப்போது மாறும். கவுன்ட்டரில் உள்ள பலகையைப் படித்துவிட்டு பர்ஸைத் திறக்கவும். சனி, ஞாயிறுகளில் க்யூ அனுமார் வால். கூட்டம் பிடிக்காதவர்கள் வாரநாளில் ஒரு லீவ் போட்டுவிட்டு, காலையில் முதல் படகைப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். 'அமைதியான பீச்' என்று கேள்விப்பட்டு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போய் நின்றால், அமைதியைத் தேடி வந்த ஆயிரம் பேரை ஒரே இடத்தில் பார்க்கலாம்.

தீவா, திட்டா?

படகு கிளம்பியதும் ரோட்டுச் சத்தம் மெள்ள மெள்ளக் குறையும். கரையோரம் சதுப்பு மரங்கள் தண்ணீருக்குள் கால் நீட்டி நிற்கும். கொக்கு ஒன்று, நம்மையெல்லாம் ஒரு பொருட்டாகவே மதிக்காமல் ஒற்றைக் காலில் தியானம் செய்யும். கால் மணி, இருபது நிமிஷப் பயணம். ஆறு அகலமாகிக்கொண்டே போய், திடீரென்று எதிரே ஒரு மணல் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக அலை.

"அண்ணே, இது தீவா?" என்று படகுக்காரரைக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "தீவுன்னு நெனச்சா தீவு. ஆறு எந்தப் பக்கம் வழி விடுதோ, அதைப் பொறுத்தது தம்பி."

இதைவிடச் சரியான பதிலைப் புவியியல் புரொபஸரே சொல்ல முடியாது. செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறக்கும் சங்கராபரணி ஆறு, வில்லியனூரைத் தாண்டி வந்து, கடலை நெருங்கும்போது அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என்று இரண்டு கையாகப் பிரிகிறது. ஆறு மணலைக் கடலுக்குள் தள்ளப் பார்க்கும். கடல் அதே மணலை ஆற்றின் வாயில் போட்டு அடைக்கப் பார்க்கும். மாமியார் மருமகள் மாதிரி இந்த இருவரும் இழுத்துக்கொண்டே இருப்பதில் நடுவே விழுந்ததுதான் இந்தத் திட்டு. கோடையில் ஆறு இளைத்திருக்கும்போது மணல் கை ஓங்கும், முகத்துவாரம் குறுகும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் ஆறு மணலை உடைத்துக்கொண்டு வழி எடுத்துக்கொள்ளும். அதனால் போன வருஷம் பார்த்த பீச் இந்த வருஷம் அதே இடத்தில், அதே உருவத்தில் இருக்கும் என்று எந்த அரசாங்கமும் கியாரண்டி தர முடியாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகிறவர்கள் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது இந்தப் புதுச்சேரிக்குப் பக்கத்தில்தான். ஆற்றில் வெள்ளம் என்றால் படகு கிடையாது.

மணலுக்கும் உண்டு லெட்ஜர்

நான் பி.காம். படித்தவன். படித்த படிப்பு எங்கேயாவது உதவாதா என்று பதினைந்து வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் கடற்கரையில் உதவியது.

கடற்கரை மணல் ஒரு நடப்புக் கணக்கு சார், ஃபிக்சட் டெபாசிட் இல்லை. நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அலைகள் சாய்வாக வந்து மோதி மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் கொஞ்சம் தெற்கே திருப்புகின்றன. வருஷக் கடைசியில் கூட்டிக் கழித்தால் நிகர நகர்வு வடக்கே. அதாவது ஒவ்வொரு ஊர்க் கடற்கரைக்கும் தெற்கேயிருந்து வரவு, வடக்கே செலவு. வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை பீச் பத்திரம்.

1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டினார்கள். ஆற்றின் வாய் அடைபடாமல் இருக்க, கடலுக்குள் இரண்டு கல் சுவர்களை நீட்டினார்கள். துறைமுகம் வேண்டும்தான், யார் வேண்டாம் என்றது? ஆனால் தெற்கேயிருந்து வந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றுவிட்டது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே இருந்த பாண்டி டவுனுக்கு வரவு நின்றது. செலவு நிற்கவில்லை. வரவு இல்லாமல் செலவு மட்டும் செய்தால் என்ன ஆகும் என்று மாதக் கடைசியில் நம் எல்லோருக்கும் தெரியும். டவுன் பீச் திவாலாயிற்று. மணல் போனதும் கரையைக் காப்பாற்றக் கருங்கல்லாகக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நின்றால், அதற்கு வடக்கே உள்ள குப்பத்தில் ஆரம்பிக்கும். அங்கே கொட்டினால் அதற்கும் வடக்கே. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வரிசையாகப் போய், தமிழ்நாட்டு எல்லைக்குள் பொம்மையார்பாளையம் வரைக்கும் இந்தக் கடன் சுமை போயிருக்கிறது. படகை இழுத்துப் போட மணல் இல்லாமல், வலை உலர்த்த இடம் இல்லாமல் தவித்தவர்கள் அங்கே இருக்கும் மீனவர்கள். நமக்கு பீச் என்பது ஞாயிற்றுக்கிழமை. அவர்களுக்கு அது ஆபீஸ்.

காந்தி சிலைக்குப் பக்கத்தில் கொஞ்சம் மணல் இருக்கிறது என்றேன் அல்லவா? அது 2018-ல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றைப் போட்டதன் பலன். அலையின் வேகத்தைக் குறைத்து மணலைத் தங்கவைக்கும் ஏற்பாடு. முப்பது வருஷமாக மணலைப் பார்க்காத கரையில் குழந்தைகள் மறுபடி வீடு கட்டி விளையாடின. ஊர்க்காரர்கள் சொந்தக்காரர் ஃபாரினிலிருந்து திரும்பிய மாதிரி வந்து வந்து பார்த்தார்கள்.

சுண்ணாம்பாற்று முகத்துவாரமோ அந்தத் துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கிறது. தெற்கேயிருந்து வரும் வரவுக்குக் குறுக்கே இங்கே துறைமுகச் சுவர் இல்லை. அதனால்தான் சார், டவுனில் கல்லைப் பார்த்தவர்கள் மணலைத் தேடி இங்கே படகு ஏறுகிறோம்.

அழகான இடம்தான் ஆபத்தான இடம்

படகிலிருந்து இறங்கி நாலு எட்டு வைத்ததும் நம் இளைஞர்களில் பாதிப் பேர் சட்டையைக் கழற்றி நண்பன் கையில் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். இன்னும் பாதி, ரீல்ஸ் எடுக்க போனைத் தூக்குவார்கள். கொஞ்சம் நில்லுங்கள். இந்த இரண்டு நிமிஷத்தை மட்டும் சிரிக்காமல் படியுங்கள்.

அலை கரைக்குக் கொண்டுவரும் தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். எங்கே மணல் கொஞ்சம் பள்ளமாக இருக்கிறதோ அங்கே ஒன்று சேர்ந்து, ஒரு சந்து மாதிரி குறுகலான ஓட்டமாகக் கடலுக்குள் விரையும். மேலே பார்த்தால் அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது. இரண்டு பக்கமும் நுரை தள்ளும்போது நடுவில் அது மட்டும் சாதுவாக இருக்கும். 'இங்கே அலை கம்மிடா, வா' என்று நாம் தேர்ந்தெடுத்து இறங்குவது சரியாக அந்த இடத்தில்தான். ஆற்று முகத்துவாரம் என்றால் கேட்கவே வேண்டாம். ஓதம் வற்றும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து உள்ளே இழுக்கும். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவன் அடுத்த அடியில் தலை முழுகலாம். நேற்று திட்டாக இருந்த இடம் இன்று பள்ளம்.

இந்த ஓட்டம் வேகமெடுத்தால் ஒலிம்பிக் நீச்சல்காரராலேயே எதிர்த்து நீந்திக் கரை சேர முடியாது. மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் செத்துப்போவது இழுப்பால் அல்ல, எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதால். செய்ய வேண்டியது ஒன்றுதான். பதறாமல் மிதந்து, கரையை நோக்கி நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்த வேண்டும். சந்து குறுகலானது, தாண்டிவிட்டால் அலையே உங்களைக் கரைக்குக் கொண்டுவந்துவிடும். நீந்தத் தெரியாதா? கையைத் தூக்கிக் கூப்பிட்டுக்கொண்டு மிதந்தபடி இருங்கள். அதைவிட நல்ல யோசனை, முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள்.

இன்னொன்று. நண்பன் தத்தளித்தால் உடனே பாய்ந்துவிடாதீர்கள். இப்படிப் பாய்ந்து பாய்ந்துதான் ஒரே செட்டில் இரண்டு பேர், மூன்று பேர் என்று பேப்பரில் செய்தி வருகிறது. பந்து, காலி தண்ணீர் கேன், மிதக்கக்கூடியது எதுவானாலும் தூக்கி வீசுங்கள். உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள், 112-ஐ அழையுங்கள். அவர் முன்கூட்டியே விசில் ஊதினால் 'பெரிய இவரு' என்று முறைக்காமல் வெளியே வாருங்கள். பாட்டில் திறந்தவன் அன்றைக்குத் தண்ணீரில் இறங்கக்கூடாது. இது கல்யாணத்துக்கு முன் போடும் கண்டிஷன் மாதிரி. கிளம்பும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். அங்கே போய்ப் பேசினால் எடுபடாது.

பக்கத்திலேயே வீராம்பட்டினம் இருக்கிறது, பெரிய மீனவ கிராமம். ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் கோயில் தேர் அங்கே ஓடும். பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கி வைத்த தேர். ஆட்சி மாறிய பிறகும் அந்தப் பழக்கத்தை விடாமல் இன்றைக்கு ஆளுநரும் முதல்வரும் வந்து வடம் பிடிக்கிறார்கள். தினம் கடலுக்குள் போய் வருகிற அந்த ஊர் மனிதர் ஒருவரிடம், 'நீங்க கடல்ல விளையாட மாட்டீங்களா?' என்று கேட்டேன். "கும்புடுறதோட சரி தம்பி" என்றார். தெரிந்தவனுக்குத்தான் பயம் இருக்கும். தெரியாதவனுக்கு இருப்பது தைரியம் அல்ல, தகவல் குறைவு.

பின்னே போய் என்னதான் செய்வது?

சும்மா இருங்கள். சத்தியமாக அதற்குத்தான் அந்த இடம். படகு இறக்கிவிடும் இடத்தில்தான் கூட்டம், கடை, பாட்டு எல்லாம். அங்கிருந்து கால் மணி நேரம் மணலிலேயே நடந்துவிட்டால் அலைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஒரு பக்கம் கடல் இரைந்துகொண்டிருக்கும். இன்னொரு பக்கம் ஆறு பேசாமல் கிடக்கும். நடுவில் நீங்கள். போனை எடுக்காமல் அரை மணி உட்கார்ந்து பாருங்கள். இன்க்ரிமென்ட், இ.எம்.ஐ., வாட்ஸப் க்ரூப், பக்கத்து சீட்காரரின் ப்ரொமோஷன், எல்லாம் ஒவ்வொன்றாக அக்கரையிலேயே நின்றுவிட்டது தெரியும்.

இந்த அமைதிக்குக் காரணம் அந்த ஆறுதான். கார் நேராக மணலில் போய் நின்றால், ஒரே வருஷத்தில் பஜ்ஜிக் கடையும் ஒலிபெருக்கியும் ராட்டினமும் வந்து அதுவும் இன்னொரு பொருட்காட்சி ஆகிவிடும். க்யூவில் நிற்கும்போது ஒரு பாலம் போட்டால் என்ன என்று எரிச்சல் வரும். போடாமல் இருப்பதுதான் புண்ணியம். அந்த க்யூதான் அமைதிக்கு நாம் கட்டும் வரி.

தொப்பி, குடிநீர், மாற்று உடை கொண்டு போங்கள். மதிய வெயிலில் நிழல் கம்மி, மணல் தோசைக்கல். ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்தக் கரையோரம் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம். நாம் விட்டுவிட்டு வரும் பாலிதீன் பை அவற்றுக்கு எமன். கொண்டு போன குப்பையைக் கொண்டுவந்துவிடுங்கள், சுமை ஒன்றும் கூடிவிடாது.

சாயங்காலம் ஆகிவிட்டால் திட்டில் யாரையும் தங்கவிட மாட்டார்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறும்போது ஒரு சின்னக் கணக்கு மட்டும் போடுங்கள். காலையில் எத்தனை தலை போனது, இப்போது எத்தனை தலை ஏறியிருக்கிறது? இரண்டும் டேலி ஆனால் போதும், பயணம் லாபம்.